நான்கு துளையும் ஒத்தது, சக்கரம் ஒக்கவில்லை: மாற்றுச் சக்கரக் கோளாறுகளை அறிகுறி கொண்டு கண்டறிதல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையின் ஈரம் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு மழை வந்துவிடும். டயர் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று இங்குள்ளவர்கள் குனிந்து பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டு மழைக்கும் முன்புதான். பார்க்கிற வேகத்தில், டயரோடு ரிம்மையும் மாற்றிவிடலாம் என்ற எண்ணமும் பலருக்கு வந்துவிடுகிறது. நாகர்கோவிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக டயர், அலைன்மென்ட் வேலை செய்து வரும் எனக்கு, அதன் பிறகான மாதங்களில் வரும் புகார்களில் பாதி, டயரையோ வண்டியையோ சார்ந்தவை அல்ல. பொருந்தாத ரிம்மை வண்டிக்குப் பூட்டியதால் வந்தவை.

சென்ற மழைக்காலத்தில் தக்கலைக்காரர் ஒருவர் புது அலாய் வீல் போட்ட காரைக் கொண்டு வந்து ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றார். அதே வாரத்தில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருக்கும் என் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்தான். அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் போடாமல் கார் ஓட்டக் கூடாது என்பது சட்டம். ஆகவே பனிக்கால டயர்களைத் தனி ரிம்களில் மாட்டி வைத்து, ஆண்டுக்கு இருமுறை சக்கரத்தோடு மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம். அவன் யாரிடமோ பழைய இரும்பு ரிம் ஒரு செட் வாங்கியிருக்கிறான். “ஓட்டை எல்லாம் சரியாத்தான் மாமா விழுது, ஆனா நூறுல போனா ஸ்டீயரிங் கையில நடுங்குது” என்றான். “ஓட்டை ஒத்தா போதாது மக்கா, நடு ஓட்டைய அளந்து பாரு” என்றேன். தக்கலைக்காரரின் கோளாறும் அவனுடைய கோளாறும் ஒன்றுதான்.

அறிகுறிகளுக்குள் போகுமுன், ரிம்மின் பின்பக்கத்தில் வார்க்கப்பட்டோ குத்தப்பட்டோ இருக்கும் எழுத்துகளை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது. 6ஜே×15 என்றால் அகலம் 6 அங்குலம், விட்டம் 15 அங்குலம். ஈடி 45 என்றால், ரிம் ஹப்பில் (அச்சின் முனையில் சக்கரம் பூட்டப்படும் பாகம்) அமரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 45 மில்லிமீட்டர் வெளிப்புறமாக இருக்கிறது என்று பொருள், இதுவே ஆஃப்செட். 4×100 என்பது பிசிடி, அதாவது நான்கு துளைகளின் மையங்களும் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தில் அமைந்திருக்கின்றன. நடு ஓட்டையின் விட்டமும் ரிம் தாங்கக்கூடிய எடையும் சில ரிம்களில் எழுதப்பட்டிருக்கும், சிலவற்றில் இருக்காது. நடு ஓட்டையை வெர்னியர் வைத்து அளந்துகொள்ளலாம். எடை எழுதாத ரிம்மை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வண்டி நிறுவனம் அனுமதித்த டயர் அளவும் காற்றழுத்தமும் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

சக்கரம் ஹப்பில் முழுதாக உட்காரவில்லை, அல்லது நட் சாய்ந்து ஏறுகிறது

கையால் நட்டைச் சுற்றும்போது இரண்டு சுற்றிலேயே இறுகினால், ஸ்பேனரை எடுக்காதீர்கள். பிசிடி வேறாக இருக்கக்கூடும். 4×98-க்கும் 4×100-க்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு கிடையாது. ஒவ்வொரு துளையும் ஒரு மில்லிமீட்டர்தான் தள்ளியிருக்கும், ஆனால் நட்டுகள் அனைத்தும், தாங்கள் ஏறும் மரைத் தண்டான ஸ்டட்டைப் பக்கவாட்டில் வளைத்துக்கொண்டே இறுகும். 5×112-க்கும் 5×114.3-க்கும் இடையிலும் இதே ஏமாற்று உண்டு. ஃபோர்டு ஃபிகோவின் 4×108 ரிம் மாருதியின் 4×100 ஹப்பில் ஏறவே ஏறாது என்பதால் அதில் ஆபத்தில்லை. நெருங்கி வரும் அளவுகளே ஆபத்தானவை.

துளைகள் சரியாக இருந்தும் ரிம் ஹப்போடு ஒட்டாமல் நின்றால், நடு ஓட்டை சிறியது. ஸ்விஃப்ட், ஐ20 வண்டிகளின் ஹப்புக்குரிய 54.1 மில்லிமீட்டர் ஓட்டையுள்ள ரிம்மை, 56.1 மில்லிமீட்டர் ஹப்புள்ள ஹோண்டா சிட்டியில் ஏற்ற முயல்வது இதற்கு நல்ல உதாரணம். அரம் போட்டு ஓட்டையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரிம்மைத் திருப்பிக் கொடுங்கள். கையால் அராவிய ஓட்டை வட்டமாக இருக்காது, அடுத்து வரும் அறிகுறியை அதுவே உண்டாக்கும்.

80 கிலோமீட்டருக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறது, பேலன்சிங் செய்தும் போகவில்லை

இந்த ஊர் வண்டிகளில் மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும் கோளாறு இதுதான். அதற்கு நம் சாலைகளே காரணம். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று ஊரும் வளைவும் தொடர்ந்து வரும் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடவே வாய்ப்பில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் திருநெல்வேலி நோக்கி மிதிக்கும்போதுதான் நடுக்கம் கைக்கு வருகிறது. ரிம் போட்டு இரண்டு மாதம் கழிந்துவிட்டதால், காரணம் ரிம்தான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

முதலில் ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் மழையில் போய்வந்த வண்டி என்றால், உட்புறத்தில் ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்த சேறு ஒன்றே போதும். வெளிப்பக்கம் பளபளவென்று கழுவியிருப்பார்கள், உட்பக்கத்தில் கை நுழைத்தால் கட்டியாக இருக்கும். அதைச் சுரண்டிக் கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள். என்னிடம் வரும் நடுக்கப் புகார்களில் காசு வாங்காமல் தீர்த்து அனுப்புபவை பெரும்பாலும் இவைதான்.

சேறு இல்லை, டயர் உப்பவில்லை, சக்கரத்தின் எடைச் சமநிலையை அளக்கும் பேலன்சிங் இயந்திரம் நான்கு சக்கரத்துக்கும் பூஜ்ஜியம் காட்டுகிறது, ஆனாலும் வண்டியில் நடுங்குகிறது என்றால், ஹப்பையும் நடு ஓட்டையையும் ஒப்பிட வேண்டும். பல கார்களுக்கும் பொதுவாக விற்கப்படும் அலாய் வீல்களில் நடு ஓட்டை 73.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஹப் 54.1 என்றால் சுற்றிலும் 9.5 மில்லிமீட்டர் இடைவெளி. தொழிற்சாலை ரிம்மை ஹப் தன் நடுவில் ஏந்தி நிறுத்தும். இந்த ரிம்மில் அந்த வேலையை நட்டுகளே செய்ய வேண்டியிருப்பதால், பூட்டும்போது சக்கரம் அரை மில்லிமீட்டர் கீழே தொங்கிய நிலையில் இறுகினாலும் அது முட்டை போலத்தான் சுழலும். பேலன்சிங் இயந்திரம் இதைக் காட்டாததற்குக் காரணம் எளியது. அங்கே ரிம்மைக் கூம்பு நடுவில் பிடித்திருக்கிறது, வண்டியில் அந்தக் கூம்பு இல்லை.

தீர்வு, ரிம்மின் ஓட்டைக்கும் ஹப்புக்கும் இடையில் பொருந்தும் ஹப் ரிங். வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 54.1 என்று இரண்டு அளவையும் சொல்லி வாங்க வேண்டும். விரலால் அழுத்தினால் உள்ளே போய் நிற்க வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றும்படியும், ஆட்டினால் ஆடும்படியும் இருக்கக் கூடாது. பூட்டும்போது வண்டி ஜாக்கியில் தூக்கிய நிலையிலேயே எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றிக் கையால் இறுக்கி, சக்கரம் தானாக நடுவில் அமர்ந்த பிறகே தரையில் இறக்கி முழு விசை கொடுக்க வேண்டும். இறக்கும் முன், ஒரு திருப்புளியை அசையாத ஏதாவதொன்றில் தாங்கி, அதன் நுனியை ரிம்மின் விளிம்புக்கு அருகில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். நுனிக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள வெளிச்சக்கீற்று ஒரு சுற்று முழுதும் ஒரே அளவாக இருந்தால் சக்கரம் நடுவில் இருக்கிறது. கீற்று விரிந்து சுருங்கினால் கழற்றி மீண்டும் பூட்டுங்கள்.

ஹப்பின் முகத்தில் துரு திட்டுத்திட்டாக இருந்தாலும் சக்கரம் சாய்ந்து அமரும். கடற்கரை ஊர் வண்டிகளில் கம்பி பிரஷ் போட்டு அதைத் தேய்த்தெடுக்காமல் புது ரிம் பூட்டக் கூடாது. நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம் என்று தொடங்கலாம்.

டக் டக் என்ற ஒலி, அல்லது நட் தளர்கிறது

இந்த அறிகுறி தென்பட்டால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மேற்கொண்டு படியுங்கள். மற்ற கோளாறுகள் டயரைத் தின்னும், இது சக்கரத்தையே கழற்றிவிடும்.

நட் தளர்வதற்கு, இறுக்கியது போதவில்லை என்பது மட்டுமே காரணமாக இருப்பதில்லை. நட்டின் அடிப்பகுதி மூன்று வகை: கூம்பு, உருண்டை, தட்டை. வெளியில் விற்கும் அலாய் வீல்களுக்குப் பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்பு வேண்டும். ஹோண்டாவின் தொழிற்சாலை நட்டோ உருண்டை வகை. உருண்டையைக் கூம்புக் குழியில் வைத்தால் மெல்லிய கோடாக ஒரு வட்டத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். ஸ்பேனருக்கு இறுகியது போலத் தோன்றும், நூறு கிலோமீட்டர் ஓடியதும் அந்தக் கோடு தேய்ந்து நட் தளரும். கழற்றிய ரிம்மின் குழியைப் பார்த்தால், முழு வளையமாகப் பதிவு இல்லாமல் ஓரத்தில் மட்டும் பளபளப்பாக ஒரு கீறல் தெரியும்.

மரை வேறுபாடும் உண்டு. ஸ்விஃப்ட்டுக்கும் ஐ20-க்கும் பிசிடி 4×100, ஹப் 54.1 என்று எல்லாம் ஒன்று. ஆனால் மாருதியின் ஸ்டட் எம்12×1.25 (விட்டம் 12 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர்), ஹூண்டாயின் ஸ்டட் எம்12×1.5. ரிம்மோடு நட்டையும் சேர்த்துப் பழைய வண்டியிலிருந்து வாங்கியவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். காற்று ஸ்பேனரின் வலுவில் தவறான நட் ஏறியும் விடும், ஏறும்போதே ஸ்டட்டின் மரையை அறுத்துவிடும். போலோ போன்ற ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் நட்டே கிடையாது, போல்ட்தான். ரிம்மின் தடிமன் மாறினால் போல்ட்டின் நீளமும் மாற வேண்டும்.

நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று கையால் எண்ணுங்கள். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. எம்12×1.5 என்றால் எட்டுச் சுற்று, எம்12×1.25 என்றால் பத்துச் சுற்று. தடித்த அலாய் வீலும், ரிம்மை வெளியே தள்ள இடையில் வைக்கும் தட்டான ஸ்பேசரும் போட்ட வண்டிகளில் ஐந்து சுற்றில் நட் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி வந்த வண்டியின் உரிமையாளர் கோபப்பட்டாலும் ஸ்பேசரைக் கழற்றாமல் நான் அனுப்புவதில்லை.

இறுக்கும் விசை பெரும்பாலான சிறிய கார்களுக்கு 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் உண்டு. ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதிப்பதும் தவறு, ஸ்டட்டில் கிரீஸ் தடவுவதும் தவறு. எண்ணெய்ப் பசை இருந்தால் அதே விசையில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். புது ரிம் பூட்டி 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் போட்டுச் சரிபார்க்க வேண்டும்.

திருப்பும்போதோ மேட்டில் ஏறி இறங்கும்போதோ டயர் உரசுகிறது

உரசல் எங்கே என்பதிலேயே விடை இருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் உரசினால், முன்சக்கரம் உள் லைனரிலோ மட்கார்டின் முன் ஓரத்திலோ தொடுகிறது. குடும்பம் முழுதும் ஏறி, டிக்கியிலும் சாமான் வைத்து வேகத்தடையில் இறங்கும்போது மட்டும் உரசினால், பின்சக்கரம் மட்கார்டின் மடிப்பில் தொடுகிறது. லைனரிலும் மடிப்பிலும் சாக்பீஸால் தடித்துப் பூசிவிட்டு, ஆள் ஏற்றி ஒரு சுற்று ஓட்டி வந்தால் அழிந்த இடம் காட்டிக்கொடுக்கும்.

காரணம் பெரும்பாலும் அகலமும் ஆஃப்செட்டும் சேர்ந்தே மாறியிருப்பது. தொழிற்சாலை ரிம் 6ஜே, ஈடி 45 என்றும், புதியது 7ஜே, ஈடி 35 என்றும் வைத்துக்கொள்வோம். அகலம் ஓர் அங்குலம் கூடியதால் வெளிப்பக்கம் 12.7 மில்லிமீட்டரும், ஈடி பத்துக் குறைந்ததால் இன்னொரு 10 மில்லிமீட்டரும் சேர்ந்து, சக்கரத்தின் வெளி விளிம்பு 22.7 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். உள் விளிம்போ 2.7 மில்லிமீட்டர்தான் உள்ளே போயிருக்கும். கடைக்காரர் “ஒரு அங்குலம்தானே” என்று சொன்னது மட்கார்டைப் பொறுத்தவரை ஏறக்குறைய முழு அங்குலமும் ஒரே பக்கம் வந்தது போலத்தான். மாறாக ஈடி கூடினால் சக்கரம் உள்ளே போய் சாக் அப்சார்பரைத் தொடும். அப்போது டயரின் உள் பக்கச் சுவரில் வட்டமாக ஒரு தேய்ந்த கோடு விழும், குனிந்து பார்க்காதவருக்கு அது டயர் வெடிக்கும் நாளில்தான் தெரியும். தொழிற்சாலை ஈடியிலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் விலகாமல் இருப்பதே என் கணக்கு. மட்கார்டின் மடிப்பைச் சுத்தியலால் தட்டி மடக்குவது கோளாறைத் தீர்ப்பதல்ல. உப்புக்காற்று வீசும் ஊரில் பெயின்ட் உடைந்த அந்த மடிப்பிலிருந்து துரு தொடங்கும்.

அகலமான டயர் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்ற எண்ணத்தையும் இங்கே திருத்திக்கொள்ளலாம். தேங்கிய நீரின் மேல் ஏறி மிதப்பதில் அகல டயரே முந்தும். மழைக்கு வேண்டியது ஆழமான பட்டன். சட்டப்படியான குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர் என்றாலும் மூன்று மில்லிமீட்டரிலேயே நான் மாற்றச் சொல்வேன். மலையும் பனித்துகளும் பொறித்த குறியுள்ள பழைய இறக்குமதி டயர் மலிவாகக் கிடைத்தால் வாங்க வேண்டாம். 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இளகி நிற்பதற்காகச் செய்த ரப்பர் அது. நம் ஊர் வெயிலில் கொழகொழத்து மாதங்களில் தேய்ந்துவிடும்.

சுற்றும்போது உலோகம் உரசும் ஒலி

ரிம்மின் உட்புறமோ, ஆரங்களின் பின்புறமோ பிரேக் காலிப்பரை (பிரேக் தட்டை அழுத்திப் பிடிக்கும் பாகம்) தொடுகிறது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டையாகக் காலிப்பரின் மேல் ஒட்டி, சக்கரத்தைப் பூட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றிப் பாருங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன் மூன்று மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் அந்த ரிம் வேண்டாம். பிரேக் சூடேறும்போது அந்த இடைவெளியும் போய்விடும். ரிம்மில் தவறில்லாமல், உள்ளே ஒட்டிய பேலன்சிங் வெயிட் மட்டும் காலிப்பரில் இடிப்பதும் உண்டு, அதை இடம் மாற்றி ஒட்டினால் போதும்.

குளிர்நாடுகளில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை மிகவும் முக்கியம். பனிக்கால டயருக்கு ஓர் அங்குலம் சிறிய ரிம்மும் சற்றே ஒடுங்கிய டயரும் போடுவது அங்கே வழக்கம். குழியில் விழுந்தால் ரிம் தப்பும், விலையும் குறைவு. ஆனால் பெரிய பிரேக் உள்ள வண்டிகளில் சிறிய ரிம் காலிப்பர் மேல் ஏறாது. அந்த செட்டில் காற்றழுத்த உணரி இல்லையென்றால், பூட்டியதும் எச்சரிக்கை விளக்கு எரியும். அது ரிம் பொருந்தாததன் அறிகுறி அல்ல.

வாரம் ஒருமுறை காற்று இறங்குகிறது, பஞ்சர் இல்லை

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிகளில் அலாய் வீலின் விளிம்பில், டயர் அமரும் இடத்தில், வெள்ளைப் பொடியாக அரிப்பு ஏற்படும். சோப்பு நீரைத் தடவினால் நுரை ரிம்மின் ஓரத்தில் வரிசையாகக் கிளம்பும். டயரைக் கழற்றி, அரிப்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, விளிம்பு சீலர் பூசி மீண்டும் ஏற்றினால் நிற்கும். பழைய ரிம் வாங்கும்போதே அந்த விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள்.

வேகமானி தவறாகக் காட்டுகிறது, வண்டி இழுக்கவில்லை

சக்கரத்தின் மொத்த விட்டம் மாறியிருக்கிறது. 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மில்லிமீட்டர். 195/55 ஆர்16 போட்டால் 620.9, மாற்றமே இல்லை. 205/55 ஆர்16 என்றால் 631.9, உரசல் வாய்ப்பும் கூடும். இரண்டு சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். எடைக் குறியீட்டையும் கவனியுங்கள்: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோதான். தொழிற்சாலை எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது.

ஸ்டெப்னி பூட்டினால் ஆடுகிறது

நான்கும் அலாய், ஸ்டெப்னி மட்டும் பழைய இரும்பு டிஸ்க் என்றால், அலாய்க்காக வாங்கிய நட் டிஸ்க்குக்குப் பொருந்தாமல் போகலாம். ஆரல்வாய்மொழிக் காற்றில், மழை சாய்த்து அடிக்கும் இரவில், ஜாக்கியில் வண்டியைத் தூக்கிய பிறகு இதைக் கண்டுபிடித்த ஒருவர் என்னை அழைத்தார். பழைய நட் எங்கே என்று கேட்டேன். அலாய் பூட்டிய கடையிலேயே விட்டுவிட்டதாகச் சொன்னார். நானே நான்கு நட்டுகளை எடுத்துக்கொண்டு இருசக்கர வண்டியில் போக வேண்டியதாயிற்று. அலாய் பூட்டும் அன்றே தொழிற்சாலை நட்டுகளைக் கேட்டு வாங்கி, ஒரு துணிப்பையில் கட்டி ஸ்டெப்னி இருக்கும் குழிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். வீட்டு முற்றத்தில் வெயிலடிக்கும் ஒரு நாளில் அந்த நட்டுகளைக் கொண்டு ஸ்டெப்னியை ஒருமுறை பூட்டிக் கழற்றியும் பாருங்கள்.